எலக்ட்ரானின் சுழலும் வால்நட்சத்திரத்தின் வாலும் ஒரே ஊற்றிலிருந்தா?

கேள்வியின் சாரத்தை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவின் குப்பம் ஊரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், தமிழில் கைமாறிக் கைமாறி வந்த 14 பக்கக் கட்டுரை ஒன்றை எனக்கு அனுப்பி, “சார், படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் நீங்கள் நடத்திய பாடத்தோடு ஒட்டவில்லை. தப்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். கட்டுரை சொல்வது இது. எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்) வெறும் குவாண்டம் எண் அன்று; வெற்றிடம் என்பது நீரைப்போல் ஓடும் ஒரு பாய்மம், அதில் உண்டான உண்மையான நீர்ச்சுழி போன்றதே எலக்ட்ரான். அந்தப் பாய்மத்தில் அளவற்ற ஆற்றல் அடங்கியிருக்கிறது; சுழலும் எந்தப் பொருளும் அதைச் சிறிதளவேனும் உறிஞ்சும். வால்நட்சத்திரத்தின் உட்கரு, அதாவது தலையின் நடுவிலுள்ள கட்டி, சுழல்வதால் அதுவும் இந்த ஆற்றலை உறிஞ்சி வாலாக உமிழ்கிறது. பனிக்கட்டி, வாயு என்பதெல்லாம் பாடப்புத்தகக் கதை. ஈர்ப்பு விதிக்கு அடங்காமல் வால்நட்சத்திரங்கள் காட்டும் சிறு முடுக்கமே இதற்குச் சான்று.

கட்டுரையை எழுதியவரை நான் கேலி செய்ய மாட்டேன். எலக்ட்ரானில் சுழல்வது எது, வெற்றிடத்தில் இருப்பது எவ்வளவு, வால்நட்சத்திரத்தைத் தள்ளுவது எது என்ற மூன்றும் பெரிய மூளைகள் பல ஆண்டுகள் உடைத்துப் பார்த்த கேள்விகள்தாம். எனக்குள்ள மனக்குறை வேறு. 14 பக்கத்தில் ஒரு கிலோகிராம் இல்லை, ஒரு ஜூல் இல்லை, ஒரு நொடி இல்லை. “அளவற்ற” என்ற சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கணக்குப் போடாத இடத்தில் எல்லாக் கொள்கையும் நிற்கும். ஆகவே கட்டுரையாளர் விட்டுவிட்ட கணக்குகளை நான் இங்கே போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலானவை பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குகள்தாம்.

எலக்ட்ரானிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் தெருவில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பம்பரம் என்பார்கள், தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் பொங்கரம் என்பார்கள். சாட்டையைச் சுற்றி வீசியதும் இரண்டும் ஒரே மாதிரிதான் சுற்றும். எலக்ட்ரானும் அப்படி ஒரு பம்பரம் என்றே 1925இல் உலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் ஹாலந்தில் எழுதினார்கள். அதே ஆண்டில் அவர்களுக்கு முன்பே குரோனிக் என்ற இன்னொரு இளைஞருக்கு அந்த எண்ணம் வந்தது. இயற்பியலாளர் பௌலி அதை ஏளனம் செய்ததால் அவர் வெளியிடாமல் விட்டுவிட்டார். உலன்பெக்கும் கௌட்ஸ்மித்தும் பிறகு முதிய இயற்பியலாளரான லோரன்ட்ஸிடம் போய்க் கேட்டபோது அவர் கணக்குப் போட்டுக் காட்டிய தடையைத்தான் இன்றைய கட்டுரையாளரும் தாண்டியாக வேண்டும். எலக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். சுழற்சியின் வலுவைச் சொல்லும் அதன் கோண உந்தம், அதாவது பிளாங்க் மாறிலியை 2πஆல் வகுத்து வருவதில் பாதி, 0.53 × 10⁻³⁴ ஜூல்-நொடி. அக்காலத்தில் எலக்ட்ரானுக்குக் கற்பித்திருந்த ஆரம் 2.8 × 10⁻¹⁵ மீட்டர். அதைத் திண்மக் கோளமாக எடுத்துக்கொண்டால், இந்தக் கோண உந்தம் கிடைக்க அதன் நடுக்கோட்டு விளிம்பு ஒளியைப்போல் ஏறத்தாழ 170 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். இன்றைய சோதனைகள் எலக்ட்ரானுக்கு உருவளவு என்று ஒன்று இருந்தாலும் அது 10⁻¹⁸ மீட்டருக்குள்தான் என்று காட்டுகின்றன. அந்த ஆரத்தைப் போட்டால் வேகம் ஒளியைப்போல் ஏறத்தாழ 5 லட்சம் மடங்காகிறது. ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது. கட்டுரையாளர் இதைப் போட்டுவிட்டு “என் பாய்மத்தில் ஒளியின் வேகம் எல்லையன்று” என்று எழுதியிருந்தால்கூட மதித்திருப்பேன். அவர் போடவேயில்லை.

அதனால் தற்சுழற்சி வெறும் ஏட்டு எண் என்று ஆகிவிடாது. கட்டுரையாளரின் எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளியில் “+½, −½, அவ்வளவுதான்” என்று சொல்லி நாங்களே பிள்ளைகளை ஏமாற்றுகிறோம். ஒரு கம்பிச்சுருளுக்குள் இரும்புத் தண்டு ஒன்றை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, மின்னோட்டத்தால் அதன் காந்தத்தைத் திடீரென்று திருப்பினால், தண்டே கொஞ்சம் சுழலும். 1915இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் செய்து காட்டிய சோதனை இது. கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்களின் சுழல் திசை மாறும்போது, அந்தக் கோண உந்தம் கண்ணுக்குத் தெரிகிற இரும்புக்கு வந்து சேர்கிறது. ஆக, அது கணக்கில் வரவு வைக்க வேண்டிய உண்மையான கோண உந்தம். வேலூருக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் பலர், 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் அவர்கள் உடலின் நீரிலுள்ள புரோட்டான்களின் தற்சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை தலையாட்டுவதைக் கேட்டுத்தான் அந்த எந்திரம் படம் வரைகிறது.

சுழல்வது எது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1928இல் டிராக் எழுதிய சமன்பாட்டில் எலக்ட்ரான் ஓர் உருண்டை அன்று, ஓர் அலை. அந்த அலையின் உந்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பெலின்ஃபான்டே 1939இல் எழுதிக் காட்டினார்; அதில் உந்தம் வட்டமாகச் சுற்றி ஓடுகிறது என்றும், அந்தச் சுற்றோட்டமே தற்சுழற்சி என்றும் 1986இல் ஓஹானியன் தெளிவாக விளக்கினார். ஆகவே “ஏதோ ஒன்று சுற்றுகிறது” என்ற உள்ளுணர்வு தவறன்று. அந்தச் சுற்று நடப்பது எலக்ட்ரானின் அலையில். அது ஏறத்தாழ 4 × 10⁻¹³ மீட்டர் அளவுக்குப் பரவியிருப்பதால் ஒளியை மிஞ்சும் வேகமும் தேவைப்படுவதில்லை. இதற்கென்று தனியே ஒரு பாய்மமும் தேவையில்லை.

பாய்மச் சுழி என்ற படம் உடைகிற இடம் வேறொன்று. நீர்ச்சுழியை ஒரு முழுச்சுற்று, அதாவது 360 பாகை திருப்பினால் பழைய நிலைக்கு வந்துவிடும். எலக்ட்ரான், நியூட்ரான் போன்றவை வருவதில்லை. இரண்டு சுற்று, 720 பாகை, திருப்பினால்தான் அவற்றின் அலை பழைய நிலைக்கு வரும். 1975இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் காந்தப்புலத்தில் திருப்பி, மீண்டும் சேர்த்து இதை நேரடியாக அளந்தன. நம்பச் சிரமமாக இருந்தால் ஒரு தம்ளரில் தண்ணீர் நிரப்பி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தாமல் கையை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு சுற்றுத் திருப்புங்கள். தம்ளர் பழைய திசைக்கு வந்திருக்கும், ஆனால் முழங்கை வானத்தைப் பார்த்துக் கோணிக்கொண்டு நிற்கும். அப்படியே அதே திசையில் தலைக்கு மேலே இன்னொரு சுற்று: கை தானாக நேராகிவிடும். வகுப்பில் இதைச் செய்துகாட்டப் போய் இரண்டு முறை சட்டையை நனைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த 720ஐ எந்தச் சுழி தரும் என்று சொல்லாதவரை அது தற்சுழற்சிக் கொள்கை ஆகாது.

இன்னொன்று, எங்கள் பக்கத்துச் சங்கதி என்பதால் சொல்கிறேன். குப்பத்திலிருந்து ரயிலேறினால் விரைவில் எட்டிவிடும் கோலார் தங்கவயலில், தமிழ்த் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த கருவிகளில்தான், உலகில் முதன்முதலாகக் கண்ட வளிமண்டல நியூட்ரினோத் தடங்களுள் ஒன்று 1965இல் பதிவானது; நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள். இதுவரை கண்டறியப்பட்ட நியூட்ரினோக்கள் எல்லாம் இடக்கைச் சுழற்சி கொண்டவை. பாய்மத்தில் இடஞ்சுழியும் வலஞ்சுழியும் சம உரிமையோடு பிறக்கும். நியூட்ரினோவில் மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

இனி வெற்றிடம். வெற்றிடத்தில் ஆற்றல் உண்டு என்பது சரி. மின்காந்தப் புலத்தின் ஒவ்வொரு அதிர்வும் முற்றிலும் அடங்கிய நிலையில்கூட ஆற்றலின் மிகச் சிறு பொட்டலமான குவாண்டத்தில் அரைப்பங்கை வைத்துக்கொண்டிருக்கிறது. 1948இல் காசிமிர் இதிலிருந்து ஒரு விளைவைக் கணித்தார்: மின்னேற்றமில்லாத இரண்டு உலோகத் தட்டுகளை மிக நெருங்க வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும். 1997இல் லாமரோ இதைத் துல்லியமாக அளந்தார். கட்டுரையாளர் காசிமிரைப் பெயர் சொல்லி, “ஆக, வெற்றிடத்திலிருந்து ஆற்றல் எடுக்கலாம்” என்று முடித்துவிடுகிறார். எவ்வளவு எடுக்கலாம்? ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு தட்டுகள், எல்லையற்ற தொலைவிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளி வரை நெருங்கினால் கிடைக்கும் ஆற்றல் 4.3 × 10⁻¹⁰ ஜூல். ஓர் அரிசிமணியை ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்க அது போதும். அதையும் ஒரு தடவைதான் எடுக்கலாம். மறுபடி எடுக்கத் தட்டுகளைப் பிரிக்க வேண்டும், பிரிக்க அதே 4.3 × 10⁻¹⁰ ஜூலை நாம் கட்ட வேண்டும். கிணற்றில் விழுந்த கல் போல: விழும்போது வேலை செய்யும், ஆனால் மேலே ஏற்றுகிறவன் கூலி கேட்பான்.

“அளவற்ற” என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் இயற்பியலாளர்களின் தவறும் இருக்கிறது. வெற்றிடத்தின் அரைக் குவாண்டங்களை மிகச் சிறிய அலைநீளம் வரை கூட்டிக்கொண்டே போனால் தொகை பூதாகரமாகிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதை அளந்து பார்த்தால் வெற்றிடத்துக்கு உண்மையில் கிடைக்கும் ஆற்றல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 5.4 × 10⁻¹⁰ ஜூல் மட்டுமே. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 1க்குப் பின்னால் ஏறத்தாழ 120 பூஜ்ஜியங்கள். இது தீராத பிரச்சினை, இயற்பியலின் அவமானங்களில் ஒன்று. ஆனால் இதில் தவறியது நம் கூட்டல். பிரபஞ்சத்தின் அளவு அன்று. இயற்கையில் அளந்து கிடைத்தது சிறிய எண்தான். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பூமியின் உருவளவுக்குச் சமமான வெற்றிடம் முழுவதையும் ஒட்டச் சுரண்டினால் கிடைப்பது ஏறத்தாழ 1.6 லட்சம் யூனிட் மின்சாரம். மாதம் 200 யூனிட் செலவிடும் 800 வீடுகளுக்கு அது ஒரு மாதம் வரும். ஒரு பூமியளவுக்கு ஒரு பேட்டையின் ஒரு மாதக் கரண்ட் பில். இதுதான் அந்த அளவற்ற ஊற்று.

சுழலும் பொருள் வெற்றிடத்தோடு உறவாடுமா என்பதையும் யாரும் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. 1989இல் ஜப்பானில் ஹயாசாகா, தாக்கெயூச்சி என்ற இருவர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 13,000 சுற்று சுற்றும் சிறு சுழலிகளை எடை போட்டு, வலமாகச் சுற்றும்போது மட்டும் எடை சில மில்லிகிராம் குறைகிறது என்று ஒரு முன்னணி இயற்பியல் இதழில் எழுதினார்கள். பரபரப்பு எழுந்தது. மறு ஆண்டிலேயே அமெரிக்காவிலும் பிரான்சிலும் வெவ்வேறு குழுக்கள் அதைவிட நுட்பமாக எடை போட்டன; எடை எந்தத் திசையிலும் குறையவில்லை. இதை நான் விரும்பிச் சொல்லக் காரணம், மாற்றுக் கருத்தை இதழ்கள் வாசலிலேயே விரட்டிவிடுகின்றன என்று கட்டுரையாளர் நான்கு இடத்தில் புலம்புகிறார். விரட்டவில்லை, அச்சிட்டார்கள், பிறகு எடை போட்டுப் பார்த்தார்கள். வானத்திலும் இதே சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவிலுள்ள துடிவிண்மீன் நொடிக்கு 30 முறை சுழல்கிறது. நாம் அறிந்தவற்றுள் மிக ஆவேசமான பம்பரங்களில் அது ஒன்று. சுழல்வது ஆற்றலை உறிஞ்சுமானால் அது வேகமெடுக்க வேண்டும். அதன் சுழற்சிக் காலமோ நாளுக்கு ஏறத்தாழ 36 நானோநொடி நீண்டுகொண்டே போகிறது.

வால்நட்சத்திரத்துக்கு வருவோம், கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், தவறு சுவையான தவறு என்பதால். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே ஜவ்வாது மலை மங்கலாகத் தெரியும். அந்த மலையில் காவலூரில் இருக்கும் வானாய்வகம் வைனு பாப்புவின் பெயரைத் தாங்குகிறது. தலைச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் சென்னையில் பிறந்த அவர், 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது எடுத்த வானப் படமொன்றில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். அது இன்றும் பாப்பு–போக்–நியூகர்க் என்ற பெயரில் வழங்குகிறது. 1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாணவர்களை விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுப்பிப் பாறைமேட்டில் ஏற்றித் தென்கிழக்கே காட்டினேன். பஞ்சில் தொட்டு வைத்தாற்போல் ஒரு மங்கல், ஒரு பையன், “இதுக்கா சார் எழுப்புனீங்க?” என்றான். அவனுக்கு அப்போது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த மங்கல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு நாள் தாமதமாக வருகிறது.

ஈர்ப்பு விதிப்படி எல்லாக் கோள்களின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஹாலி அந்த நாலு நாளைக் கடன் வைக்கிறது. என்கே என்ற இன்னொரு வால்நட்சத்திரம், 3.3 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுவது, இதற்கு நேர்மாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முன்கூட்டியே வந்து நின்றது. அதைக் கணக்கிட்டுக் கண்ட ஜெர்மானியர் யோஹான் என்கே தந்த விளக்கம், நம் கட்டுரையாளரின் விளக்கத்துக்குப் பாட்டன் முறை. வெட்டவெளி வெறுமையன்று, அதில் மெல்லிய ஊடகம் ஒன்று நிறைந்திருக்கிறது, அது வால்நட்சத்திரத்தை உராய்ந்து தடுக்கிறது என்றார் அவர். தடுத்தால் தாமதம்தானே ஆக வேண்டும் என்று தோன்றும். இல்லை: உராய்வு ஆற்றலைத் தின்றால் சுற்றுப்பாதை சிறுக்கும், பாதை சிறுத்தால் சுற்றும் காலம் குறையும், ஆகவே முன்கூட்டி வரும். தர்க்கம் பழுதற்றது, எண்ணும் பொருந்தியது. ஆனால் அந்த ஊடகம் எல்லோரையும் முன்கூட்டித்தான் வரவைக்கும். தாமதமாக வரும் ஹாலியை அதனால் விளக்கவே முடியாது. ஹாலி ஒன்றே அந்த ஊடகத்தைக் கொன்றுவிட்டது. நம் கட்டுரையாளரின் கொள்கைக்கும் இதே கத்தி மறுபக்கமாகப் பாய்கிறது. அவருடைய வெற்றிடம் எல்லா வால்நட்சத்திரத்துக்கும் ஆற்றலை ஊட்டுகிறது. ஊட்டினால் பாதை பெருகும், எல்லாம் தாமதமாகவே வர வேண்டும். என்கே ஏன் முன்கூட்டி வந்தது?

இரண்டையும் ஒரே வீச்சில் அவிழ்த்தவர் அமெரிக்க வானியலாளர் விப்பிள், 1950இல். உட்கரு என்பது தூசியும் உறைபனியும் கலந்த கட்டி. வெயில் பட்டால் பனி உருகாமல் நேரே ஆவியாகும். துணிப் பெட்டியில் போட்ட அந்துருண்டை கரைவதும், மூடாமல் வைத்த கற்பூரம் குறைவதும் இப்படித்தான். ஆவி சீறுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உட்கரு தள்ளப்படும். இதில் நுட்பம் என்னவென்றால், மிகச் சூடான இடம் சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதில்லை. எங்கள் ஊர்ப் பாறைமேட்டில் சித்திரை மாதம் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும்: உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு என்றாலும் கால் பொசுங்குவது இரண்டு மணிக்கு. உட்கருவிலும் அப்படியே, சூடு ஏறச் சற்று நேரமாவதால் ஆவி அதிகம் சீறுவது அதன் “பிற்பகல்” பக்கத்திலிருந்து. உட்கரு தன் பாதையில் சுற்றும் திசையிலேயே சுழன்றால் பிற்பகல் பக்கம் பாதையில் பின்பக்கமாக இருக்கும். ஆவி பின்னே சீறும், உட்கரு முன்னே தள்ளப்படும், பாதை பெருகும், தாமதமாக வரும். எதிர்த்திசையில் சுழன்றால் முன்னே சீறும், பாதை சிறுக்கும், முன்கூட்டி வரும். சூரியனை நெருங்கும்போதும் விலகும்போதும் சீற்றம் சமமாக இராது என்பது போன்ற திருத்தங்களை இன்றைய கணக்குகள் சேர்த்துக்கொள்கின்றன, அடிப்படை இதுவே.

கட்டுரையாளருக்கு இங்கே ஒரு சிறு பாராட்டு உண்டு. வால்நட்சத்திரத்தின் முடுக்கத்துக்கும் அதன் சுழற்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் மோப்பம் பிடித்தது சரி. சுழற்சி முடிவு செய்வது தள்ளும் திசையை, தள்ளுகிறது வெயில். என்கேயின் இரண்டரை மணி நேரம் பின்னால் வந்த ஆண்டுகளில் குறைந்துகொண்டே போனதற்கும் 1979இல் விப்பிளும் செக்கனினாவும் தந்த விளக்கம் சுழலச்சின் தலையாட்டம்தான். வேகம் தளர்ந்த பம்பரம் ஆணியில் நின்று தலையை வட்டமாக ஆட்டுகிறதே, அதே ஆட்டம்.

வெயில்தான் தள்ளுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? ஒன்று தூரம். 1973இல் மார்ஸ்டனும் அவர் கூட்டாளிகளும் வால்நட்சத்திரங்களின் இந்தக் கூடுதல் முடுக்கத்துக்கு எழுதிய வாய்பாடு, நீர்ப்பனி ஆவியாகும் வீதத்தையே அச்சாகப் பின்பற்றுகிறது; பூமி–சூரியன் தூரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கைத் தாண்டியதும் முடுக்கம் சரிந்துவிடுகிறது. வெற்றிடம் வியாழனுக்கு அப்பாலும் அதே வெற்றிடம்தான். உட்கரு அங்கேயும் அதே வேகத்தில்தான் சுழல்கிறது. பிறகு ஏன் அங்கே வால் இல்லை? இரண்டாவது சிறுகோள்கள். ஆயிரக்கணக்கில் சுழல்கின்றன, சில நிமிடங்களுக்கு ஒரு சுற்று சுழல்பவையும் உண்டு. 1988இல் காவலூரில் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயரிட்ட சிறுகோளும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. சுழற்சி வாலைத் தருமானால் வானம் முழுவதும் வாலாக இருக்கும்.

மூன்றாவது, நேரில் போய்ப் பார்த்தது. ஜியோட்டோ விண்கலம் 1986 மார்ச்சில் ஹாலிக்கு 600 கிலோமீட்டருக்குள் போய்ப் படமெடுத்தது. 15 கிலோமீட்டர் நீளத்தில், கரியைவிடக் கறுத்த உட்கருவின் வெயில் பக்கத்திலிருந்து மட்டும் வாயு பீறிட்டது. 67பி சூர்யுமோவ்–கெராசிமென்கோ என்ற வால்நட்சத்திரத்தோடு ரொசெட்டா கலம் 2014 ஆகஸ்டிலிருந்து 2016 செப்டம்பர் வரை கூடவே பயணம் செய்து, நீராவியை மூக்கால் நுகர்ந்து எடை போட்டது. அதன் உட்கரு 12.4 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுழன்றுகொண்டிருந்தது. 2015இல் சூரியனை நெருங்கிக் கடந்த பிறகு சுற்றும் காலம் ஏறத்தாழ 20 நிமிடம் குறைந்தது. “பார்த்தீர்களா, உறிஞ்சி வேகமெடுத்தது” என்று கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது. ஆனால் 41பி என்ற வால்நட்சத்திரம் 2017இல் இதற்கு எதிராக நடந்துகொண்டது: மார்ச்சில் 20 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, மே மாதத்தில் 46 மணிக்கு மேல். தீபாவளிக்குக் கொளுத்தும் சங்குசக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து சீறும் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அதற்கேற்ப அது சுற்றும்; ஏற்கெனவே எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருப்பதைக் கொளுத்தினால் முதலில் தளரும். சில உட்கருக்கள் வேகமெடுப்பதும் சில தளர்வதும் ஆவி வாய்களின் அமைப்பால். உறிஞ்சுவதானால் தளர்ச்சிக்கு இடமே இல்லை.

67பிக்கே ஆற்றல் கணக்கையும் போட்டுவிடலாம். அதன் கனஅளவு ஏறத்தாழ 18.7 கன கிலோமீட்டர். அந்த முழு இடத்திலும் உள்ள வெற்றிட ஆற்றல், மேலே சொன்ன அளவின்படி, 10 ஜூல். ஒரு கிலோ வெல்லத்தை ஒரு மீட்டர் உயரப் பரணில் வைக்க ஆகும் உழைப்பு. சூரியனுக்கு மிக அருகே வரும்போது அந்த உட்கருவின் மேற்பரப்பில் வெயில் நேராக விழும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், ஒவ்வொரு நொடியும், ஏறத்தாழ 880 ஜூல் வந்துகொண்டிருக்கிறது. மலையளவு உட்கரு முழுவதையும் பிழிந்தால் 10 ஜூல். ஒரு கோலத்தின் அளவுள்ள இடத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் அதற்கு மேல். தம்பி கேட்ட “தப்பு எங்கே” என்பதற்கு ஒரே ஒரு வரியைத்தான் காட்ட வேண்டும் என்றால் இந்த வரியைக் காட்டுவேன்.

கட்டுரை காட்டும் மற்ற இரண்டு சான்றுகளையும் சுருக்கமாகத் தீர்த்துவிடுகிறேன். வால்நட்சத்திரத்திலிருந்து எக்ஸ்-கதிர் வருவது உண்மை; 1996இல் ஹ்யாகுடாகே என்ற வால்நட்சத்திரத்தில் கண்டார்கள், எல்லோருக்கும் வியப்புதான். சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றிலுள்ள மின்னேற்றம் மிகுந்த அயனிகள் வால்நட்சத்திரத்தின் வாயுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும்போது அது வெளிப்படுகிறது. வேறொரு விண்மீன் பக்கத்திலிருந்து 2017இல் வந்துபோன ஓமுவாமுவா என்ற பொருள் கண்ணுக்குத் தெரியும் வால் இல்லாமலேயே சிறு முடுக்கம் காட்டியது என்பதும் உண்மை. அதன் காரணம் குறித்து இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. பனிக்குள் சிறைப்பட்ட ஹைட்ரஜன் வெளியேறியது என்பது 2023இல் வந்த ஒரு விளக்கம். ஆனால் அந்த முடுக்கமும் சூரியனிலிருந்து விலக விலகக் குறைந்தது. காரணம் எதுவானாலும் அதன் கயிறு சூரியன் கையில்தான் இருந்தது.

கட்டுரையாளர் உங்களுக்குத் தெரிந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், தம்பி. அவரிடம் என் சார்பில் ஒன்று கேளுங்கள். என்கே வால்நட்சத்திரம் 2027 பிப்ரவரியில் மறுபடி சூரியனை நெருங்கப் போகிறது. ஈர்ப்பையும் ஆவியையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டவர்கள் அது மிக அருகே வரும் நேரத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பட்டியலில் போட்டுவிட்டார்கள். அவருடைய வெற்றிடப் பாய்மம் சொல்லும் நேரம் எது என்று, நாள், மணி, நிமிடத்தோடு, பிப்ரவரிக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி உங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லுங்கள். பெட்டிக்கடைக்கு வரும்போது நானும் பார்த்துக்கொள்கிறேன்.